மார்க்கெட்டிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ஒரு சின்ன வகுப்பின் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

மார்க்கெட்டிங் வேலைக்கு ஆள் எடுப்பவர் புதியவரிடம் தேடுவது பெரும்பாலும் ஒன்றைத்தான். இவர் ஆயிரம் ரூபாய் செலவழித்தால், அந்தப் பணம் எங்கே போயிற்று, என்ன கொண்டுவந்தது, எங்கே வீணாயிற்று என்று சொல்லத் தெரிந்தவரா? சான்றிதழைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. ஏதாவது ஒரு கடைக்கோ வகுப்புக்கோ ஆறு வாரம் வேலை செய்து நீங்கள் எழுதி வைத்த கணக்குத்தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தாளை எப்படி உண்டாக்குவது, அதை வைத்து எந்த வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பட்டம் முடித்த, அனுபவம் இல்லாத, வீட்டில் பெரிய பண வசதியும் இல்லாத ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

எந்த வாசல் வழியாக?

மார்க்கெட்டிங் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நுழைய மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது டிஜிட்டல்: கூகுள், மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரங்களை நடத்துவது, கன்டென்ட் எழுதுவது, எஸ்இஓ (தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவருவது). விளம்பர ஏஜென்சிகளும் சின்ன நிறுவனங்களும் இதற்குப் புதியவர்களை எடுக்கின்றன. இரண்டாவது ஃபீல்டு: சோப்பு, மசாலா, பிஸ்கட் போன்ற பொருட்களைக் கடைகடையாகக் கொண்டுசேர்க்கும் விற்பனை வேலை. மூன்றாவது பிராண்ட் மேனேஜ்மென்ட். பெரிய கம்பெனிகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் நல்ல எம்பிஏ கல்லூரிகளின் வளாகத் தேர்விலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள்.

மூன்றாவது வாசலுக்கு ஆசைப்படுபவர்கள் ஃபீல்டு வேலையைக் கீழாக நினைப்பது பெரிய தவறு. ஹிந்துஸ்தான் யூனிலீவர் போன்ற நிறுவனங்கள் தங்கள் மேனேஜ்மென்ட் டிரெய்னிகளையே முதலில் விற்பனைக்கும் கிராமங்களுக்கும் அனுப்புகின்றன. கடை வாசலில் நிற்காதவர் போடும் விலையும் ஸ்கீமும் கடையில் செல்லுபடியாகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் மாதம்: படிக்க வேண்டியது கொஞ்சம்தான்

நான்கு பி என்பதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: பொருள், விலை, இடம், விளம்பரம். ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் வகுத்தது இது. ஃபிலிப் கோட்லரின் பாடநூல்கள் உலகம் முழுக்கப் பரப்பின. மனப்பாடம் செய்வதால் பயனில்லை. நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். கெவின்கேர் நிறுவனர் சி.கே. ரங்கநாதன் 1983இல் கடலூரில் 15,000 ரூபாய் முதலீட்டில் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். சிக் ஷாம்பு சாஷேக்களுக்கு அவர் கொண்டுவந்த திட்டம் இது: எந்த பிராண்டானாலும் சரி, காலி ஷாம்பு சாஷேக்களைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம். ஓரளவு பழக்கமான பிறகு, காலி சிக் சாஷேக்களுக்கு மட்டும் என்று மாற்றினார். முதல் கட்டத்தில் மற்ற ஷாம்பு வாங்குபவர்கள் சிக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் கட்டத்தில் தொட்டவர்கள் திரும்ப வாங்கினார்கள். ஒருவரை முதல்முறை வாங்க வைப்பதும் மறுமுறை வாங்க வைப்பதும் தனித்தனி வேலைகள். உங்கள் கையில் வரும் ஒவ்வொரு ஆஃபரையும் இது எந்த வேலைக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கருவிகள். கூகுள் ஸ்கில்ஷாப்பில் கூகுள் ஆட்ஸ் பாடங்களும் தேர்வும் இலவசம். தேற 80 சதவீதம் வேண்டும். சான்றிதழ் ஓராண்டு செல்லும். சர்ச் தேர்வு ஒன்றை மட்டும் எழுதினால் போதும். மெட்டா ப்ளூபிரிண்டில் பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. இப்போதைக்குப் பாடங்களே போதும். தளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸைப் பழகும்போது, 2023 ஜூலைக்கு முந்தைய யூடியூப் வீடியோக்களில் பல, நின்றுபோன பழைய பதிப்பைக் காட்டும். ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) என்று இருப்பதை மட்டும் பாருங்கள். எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்ட லிங்க்கோடு சேர்க்கும் யுடிஎம் குறிச்சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் மட்டுமே எழுதப் பழகுங்கள். ஒரே சொல்லை ஒருமுறை பெரிய எழுத்தில் தொடங்கி, மறுமுறை சிறிய எழுத்தில் தொடங்கினால் ரிப்போர்ட்டில் இரண்டு தனி வரிகளாகப் பிரிந்து நிற்கும். மாதக் கடைசியில் கூட்டல் தப்பும்.

எக்செல் கட்டாயம். பிவட் டேபிள் (தொகுத்துக் கூட்டுவது), வீலுக்கப் (பட்டியலில் தேடி எடுப்பது), சதவீதக் கணக்கு இந்த மூன்றும் கை பழகியிருக்க வேண்டும். முப்பது, நாற்பதாயிரம் கேட்கும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸில் சேருவதற்கு முன், "உண்மையான கணக்கில் உண்மையான பணம் போட்டு என் கையால் விளம்பரம் நடத்த விடுவீர்களா, எத்தனை ரூபாய்க்கு?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பணம் இல்லாமலே கீழே சொல்வதை நீங்களே செய்துவிடலாம்.

ஆறு வாரம், ஒரு வகுப்பு

உறவினர், தெரிந்தவர் வட்டத்தில் ஒரு சின்னத் தொழிலைப் பிடியுங்கள். வாடிக்கையாளர் கூகுளில் தேடி, போன் செய்து, நேரில் வந்து பணம் கட்டும் தொழிலாக இருந்தால் நல்லது: டியூஷன், தையல் வகுப்பு, டிரைவிங் ஸ்கூல், பல் மருத்துவமனை. துணிக்கடை, மளிகைக்கடை வேண்டாம். அங்கே யார் எதைப் பார்த்து வந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஈரோட்டில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்தும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 4,500 ரூபாய், ஒரு மாதப் பயிற்சி. அவரிடம் பேசும்போது மூன்று விஷயங்களை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். விளம்பரச் செலவு அவருடையது, மேல்வரம்பு இவ்வளவு; உங்கள் உழைப்புக்குச் சம்பளம் வேண்டாம், ஆனால் எண்களை இன்டர்வியூவில் காட்ட அனுமதி வேண்டும்; எல்லாக் கணக்கும் அவருடைய இமெயிலில்தான் தொடங்கப்படும், உங்களுக்கு யூசர் அனுமதி மட்டும். மூன்றாவது மிக முக்கியம். ஏஜென்சிக்காரர் தன் இமெயிலில் கணக்குத் தொடங்கி, பிறகு மனஸ்தாபத்தில் விலகியதும் கடைக்காரர் ரிவ்யூக்கள், விளம்பர வரலாறு எல்லாவற்றையும் இழந்து நிற்பது ஊருக்கு ஊர் நடக்கிறது.

முதல் வாரம் விளம்பரமே வேண்டாம். ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டு எட்டுப் பத்திகள் பிரியுங்கள்: தேதி, நேரம், எங்கே பார்த்துக் கூப்பிட்டார், என்ன கேட்டார், போனை எடுத்தோமா, நேரில் வந்தாரா, சேர்ந்தாரா, சேராவிட்டால் ஏன். நோட்டு போனுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எக்செல்லில் ராத்திரி ஏற்றிக்கொள்ளலாம். விளம்பரம் இல்லாமலே வாரத்துக்கு எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்பது இந்த வாரத்தில்தான் தெரியும். இதை எண்ணாமல் விளம்பரத்தைத் தொடங்கினால், பிறகு வரும் அழைப்பெல்லாம் விளம்பரத்தால் வந்ததாகத் தோன்றும். "இது தானாகவே வந்திருக்காதா?" என்று இன்டர்வியூவில் கேட்டால் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

அதே வாரத்தில், கூகுள் தேடலிலும் மேப்பிலும் வகுப்பைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைச் சரி செய்யுங்கள். பெயர் என்பது பெயர்ப்பலகையில் இருப்பது மட்டும். பலகையில் இல்லாத "ஈரோட்டின் சிறந்த ஆரி வகுப்பு" என்பதையெல்லாம் பெயரோடு ஒட்டினால் ப்ரொஃபைல் முடக்கப்படலாம். வகை, நேரம், விடுமுறை நாள், போன் எண் எல்லாம் சரியாக இருக்கட்டும். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள்: தெரு, பலகை, உள்ளே நடக்கும் வகுப்பு மூன்றும் ஒரே வீடியோவில் தொடர்ச்சியாக வர வேண்டும். துண்டு துண்டாக எடுத்தால் நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம். படங்கள் குறைந்தது பத்து போடுங்கள்: ஃபிரேமில் துணி மாட்டியது, மாணவிகளின் கை வேலை, மாடிப்படி வழி. பயிற்சி முடித்தவர்களிடம் ரிவ்யூ லிங்க்கை அனுப்பிக் கேளுங்கள். ரிவ்யூவுக்குத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பது கூகுள் விதிக்கு எதிரானது.

தேடல் விளம்பரம்: நாளுக்கு 200 ரூபாய், 21 நாள்

கூகுள் ஆட்ஸில் புதிய கணக்கு தொடங்கும்போது, அது உங்களை ஒரு சுலபமான ஸ்மார்ட் விளம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அதை விட்டுவிட்டு எக்ஸ்பர்ட் மோடுக்கு மாறுங்கள். சுலப வழியில் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பணம் போனது என்று முழுதாகப் பார்க்க முடியாது, கற்றுக்கொள்ளவும் முடியாது. பிறகு சர்ச் வகையைத் தேர்ந்தெடுத்ததும், டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற தளங்கள், செயலிகள்), சர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளின் கூட்டாளித் தேடல் தளங்கள்) இரண்டுக்கும் முன்பே டிக் போட்டிருக்கும். இரண்டையும் எடுங்கள். எடுக்க மறந்தால் 200 ரூபாயில் ஒரு பகுதி ஏதோ ஒரு விளையாட்டுச் செயலியில் கைதவறித் தொட்டவர்களுக்குப் போகும்.

இடத்தில் வகுப்பைச் சுற்றி 12 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். அதற்குக் கீழே மறைந்திருக்கும் லொகேஷன் ஆப்ஷனைத் திறந்தால், அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள் என்பது தேர்வாகி இருக்கும். இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். இந்த ஒரு டிக்கை மாற்றாததால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வரும். அக்காவுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். மொழியில் ஆங்கிலமும் தமிழும் இரண்டும் வேண்டும், ஏனென்றால் தமிழில் பேசுபவர்களின் போனும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

கீவேர்டுகள், அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் தரும் சொற்கள், பத்துக்கு மேல் வேண்டாம். ஆரி கிளாஸ், ஆரி கிளாஸ் நியர் மீ, ஆரி வொர்க் டிரெய்னிங் ஈரோடு, ஆரி வகுப்பு என்ற வகையில் போதும். நம் மக்கள் இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். "ஆரி" என்பதை ஒருவர் ஒரு ஏ போட்டும் மற்றவர் இரண்டு ஏ போட்டும் எழுதுகிறார், எனவே இரண்டு எழுத்துமுறையும் பட்டியலில் இருக்கட்டும். தேடல் உங்கள் சொல்லோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் மேட்ச் டைப்பை எக்ஸாக்ட், ஃப்ரேஸ் என்று நீங்களே குறியுங்கள். ஒன்றும் குறிக்காமல் சொல்லை மட்டும் தட்டினால் அது பிராட் (தளர்வான பொருத்தம்) ஆகிவிடும். அப்போது "ஆரி பிளவுஸ் டிசைன்" பார்ப்பவரும் உங்கள் விளம்பரத்தைத் தட்டுவார். அவருக்கு வேண்டியது ரவிக்கை மாதிரி, வகுப்பு அல்ல.

அதனால்தான் விளம்பரம் வரக்கூடாத சொற்களின் பட்டியல், அதாவது நெகட்டிவ் கீவேர்டு பட்டியல், கீவேர்டு பட்டியலைவிட நீளமாக இருக்க வேண்டும். டிசைன், பிளவுஸ், இமேஜ், ஃப்ரீ, யூடியூப், பிடிஎஃப், ஆன்லைன், நீடில், ஸ்டாண்ட், மெட்டீரியல், சேலரி, ஜாப், பக்கத்து ஊர்களின் பெயர்கள். முதல் மூன்று நாள் தினமும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, மக்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். இந்த வேலையில் நாங்கள் புதியவர்களிடம் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். ஒரு ஊரின் தேவை அதன் சொந்தச் சொற்களில் அங்கே கிடக்கிறது: "ஆரி கிளாஸ் சண்டே", "ஆரி கிளாஸ் ஃபீஸ்", "மிஷின் ஆரி". அதிலிருந்து புதிய கீவேர்டும் வரும், புதிய பேட்சுக்கான யோசனையும் வரும். ஞாயிறு வகுப்பு வேண்டும் என்று பத்துப் பேர் தட்டியிருந்தால் அதை அக்காவிடம் சொல்வதும் மார்க்கெட்டிங்தான்.

விளம்பரத்தில் 15 தலைப்புகள் வரை போடலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். விவரிப்பு நான்கு, ஒவ்வொன்றும் 90 எழுத்துக்குள். குறைந்தது பத்துத் தலைப்பாவது எழுதுங்கள். "தரமான பயிற்சி" போன்றவற்றை யாரும் படிப்பதில்லை. கட்டணம், எத்தனை நாள், எந்த நேரம், எந்தப் பேருந்து நிறுத்தம், ஃபிரேமும் ஊசியும் சேர்த்தா என்பவற்றை எழுதுங்கள். கட்டணத்தைத் தலைப்பிலேயே போட்டால் கிளிக் குறையும், ஆனால் வரும் போன்களில் "ஃபீஸ் எவ்வளவு" என்று கேட்டுவிட்டு வைப்பவர்கள் குறைவார்கள். குறைந்த பட்ஜெட்டில் இது லாபம். போன் எண்ணையும் இடத்தையும் அசெட் பகுதியில் சேருங்கள்.

பிட்டிங்கை (விளம்பர இடத்துக்கு ஏலம் கேட்கும் முறை) மேக்ஸிமைஸ் கிளிக்ஸ் என்று வைத்து, ஒரு கிளிக்குக்கு மேல்வரம்பு போடுங்கள். கன்வர்ஷன் (கிளிக் செய்தவர் போன் செய்வது போன்ற பலன்) அடிப்படையிலான பிட்டிங்குக்குக் கணக்கில் போதுமான எண்ணிக்கை சேர வேண்டும். முதல் நாளே அதைப் போட்டால் எதை வைத்துக் கணிப்பது என்று அதற்கே தெரியாது. இன்னொன்று: 200 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளில் 400 வரை செலவாகலாம். மாதம் முழுக்க ஓடினால் 30.4 நாள் கணக்கில் 6,080 ரூபாய்க்கு மேல் போகாது. இதை அக்காவிடம் முன்பே சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் 380 போனதைப் பார்த்துப் பதறி நிறுத்தச் சொல்வார். கூகுள் தரும் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் விளம்பரம் வருகிறதா என்று கூகுளில் நீங்களே தேடிப் பார்க்காதீர்கள். கிளிக் இல்லாத காட்சிகள் சேர்ந்து கிளிக் விகிதம் இறங்கும். அதற்கென்று கணக்குக்குள்ளேயே ஆட் ப்ரிவ்யூ கருவி இருக்கிறது. தினமும் தலைப்பை மாற்றுவதும் வேண்டாம். ஒரு மாற்றம் செய்தால் ஒரு வாரம் விடுங்கள், இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது.

கணக்கைப் போடுவது

21 நாள் முடிவில் எண்கள் இப்படி வந்தன என்று வையுங்கள். செலவு 4,200, ஜிஎஸ்டி 756, ஆக 4,956 ரூபாய். கிளிக் 300, அதாவது ஒரு கிளிக் 14 ரூபாய். விசாரணை அழைப்பு 24. நேரில் வந்தவர்கள் 9. சேர்ந்தவர்கள் 5.

ஒரு விசாரணைக்கு ஏறக்குறைய 207 ரூபாய், ஒரு சேர்க்கைக்கு 991 ரூபாய். இதை வைத்து மட்டும் நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடாது. கட்டணம் 4,500இல் ஃபிரேம், ஊசி, நூல், மணிகளுக்கு 900, உதவி ஆசிரியைக்கும் வாடகைப் பங்குக்கும் 1,500 போக 2,100 மிஞ்சுகிறது என்றால், விளம்பரச் செலவு போகத் தலைக்கு 1,109 நிற்கும். அதே செலவில் மூன்று பேர் மட்டும் சேர்ந்திருந்தால் 448. இரண்டு பேர் என்றால் தலைக்கு 378 நஷ்டம். லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மாணவி. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் "என் விளம்பரம் வெற்றி" என்று மார்தட்டவும் கூடாது. முதல் வாரத்தில் எண்ணிவைத்த தானாக வரும் அழைப்புகளையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நோட்டை எடுத்து எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை விளம்பரத்தில் இருக்காது. அக்கா காலை பத்திலிருந்து ஒன்று வரை வகுப்பெடுக்கிறார், போன் சைலன்ட்டில் இருக்கிறது. பதினொரு மணி அழைப்புகள் எல்லாம் "எடுக்கவில்லை" பத்தியில் கிடக்கும். மாலை ஆறு மணிக்குத் திருப்பிக் கூப்பிட்டால் எதிர்முனையில் இருப்பவர் வேறு இடத்தில் பேசி முடித்திருப்பார். விளம்பரத்தை வகுப்பு இல்லாத நேரத்துக்கு மட்டும் ஓடும்படி ஆட் ஷெட்யூலை மாற்றலாம். அல்லது வீட்டில் வேறு ஒருவர் போனை எடுத்து மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பழக்கலாம். இதைச் செய்த பிறகு அடுத்த இரண்டு வாரத்தில் எடுத்த அழைப்புகளும் நேரில் வந்தவர்களும் எவ்வளவு மாறினார்கள் என்பதைக் குறியுங்கள். ஆறு வாரத்தின் உண்மையான பலன் இந்த ஒப்பீடுதான்.

கூகுள் காட்டும் கன்வர்ஷன் எண்ணும் நோட்டின் எண்ணும் பொருந்தாது. போன் பட்டனைத் தொட்டாலே கூகுள் ஒன்று என்று எண்ணக்கூடும். ரிங் போகாமல் துண்டித்தாலும் அது கணக்கில் ஏறலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், நோட்டை நம்புங்கள்.

மெட்டாவில் செய்வதானால் இன்ஸ்டாகிராம் பதிவைப் பூஸ்ட் செய்யாமல் ஆட்ஸ் மேனேஜரில் செய்யுங்கள். அங்கே ஒரு ஆட் செட் (ஒரே பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பு), யாருக்குக் காட்டினால் பலன் என்று மெட்டா கற்கும் நிலையைத் தாண்ட வாரத்துக்கு ஏறக்குறைய 50 பலன்கள் வேண்டும். 200 ரூபாயை நான்கு ஆட் செட்டாகப் பிரித்தால் ஒன்றுகூட அந்த எண்ணிக்கையை எட்டாது. ஒரே ஆட் செட் போதும்.

எழுதும் வாசகங்களில் கவனம் வேண்டும். "ஈரோட்டில் நம்பர் 1", "100 சதவீத வருமான உத்தரவாதம்" என்றெல்லாம் போட்டால் அதற்கு ஆதாரம் காட்டும் பொறுப்பு விளம்பரதாரருடையது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான விளம்பரங்களுக்கென 2022இல் தனி வழிகாட்டு நெறிகளே வந்துவிட்டன. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 1985 முதல் இருக்கிறது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிப்படி டிஎல்டி பதிவும் (எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்களுக்கான பதிவு), முன்கூட்டியே அனுமதி பெற்ற வாசகமும் வேண்டும். சொந்த சிம்மிலிருந்து ஆயிரம் பேருக்குத் தட்டிவிட்டால் எண் துண்டிக்கப்படலாம்.

ஃபீல்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஃபீல்டு வேலை தேடுபவர் முதலில் போக வேண்டியது, கம்பெனியிடம் சரக்கு வாங்கிக் கடைகளுக்கு விற்கும் டிஸ்ட்ரிப்யூட்டரிடம். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்கிறார்கள். தெரிந்த மளிகைக் கடைக்காரரிடம் நேற்று வந்த சரக்கின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரின் பெயர், முகவரி, போன் எல்லாம் அதிலேயே இருக்கும். காலை ஒன்பது மணிக்கு முன் அந்தக் கோடவுனுக்குப் போனால், லைனுக்குக் கிளம்பும் சேல்ஸ்மேன்கள், கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். ஆள் தேவை பற்றிய தகவல் நவுக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் வருவதற்கு முன் அங்கே தெரிந்துவிடும்.

சேருவதற்கு முன் ஒரு நாள் ஏதாவது சேல்ஸ்மேனோடு பீட்டுக்கு (ஒரு நாளில் அவர் சுற்றும் கடைகளின் வரிசை) போய்வர அனுமதி கேளுங்கள். ஒரு பீட்டில் முப்பது நாற்பது கடை இருக்கும். எத்தனை கடைக்குப் போனார், எத்தனையில் பில் போட்டார், ஒரு பில்லில் எத்தனை வகைச் சரக்கு ஏறியது என்று எண்ணுங்கள். இந்த மூன்று எண்களில்தான் அந்த வேலை நடக்கிறது. 40 கடைக்குப் போய் 22 பில் போட்டு, பில்லுக்கு 3 வகைச் சரக்கு என்றால், அடுத்த வாரம் அதே பீட்டில் விற்பனையைக் கூட்டுவதற்கு விடுபட்ட 18 கடையா, பில்லில் நான்காவது வகையா, எது சுலபம் என்ற கேள்விதான் சேல்ஸ் ஆபீசரின் தினசரிக் கேள்வி.

மார்ஜின் கணக்கைத் தவறவே விடக்கூடாது. எம்ஆர்பி 100, கடைக்காரர் வாங்குவது 80 என்றால் எம்ஆர்பி மீது 20 சதவீதம், வாங்கிய விலை மீது 25 சதவீதம். கடைக்காரர் இரண்டாவதில் பேசுவார், கம்பெனி முதலாவதில் பேசும். அதேபோல 12 வாங்கினால் 1 இலவசம் என்பது 8.33 சதவீதத் தள்ளுபடி அல்ல. 13க்கு ஒன்று என்பதால் 7.69 சதவீதம். இன்டர்வியூவில் இதைக் கேட்பார்கள். பட்டென்று சொல்ல வேண்டும்.

ப்ரைமரி, செகண்டரி இரண்டும் வேறு வேறு. கம்பெனி டிஸ்ட்ரிப்யூட்டருக்கு விற்பது ப்ரைமரி, டிஸ்ட்ரிப்யூட்டர் கடைக்கு விற்பது செகண்டரி. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகக் கோடவுனில் சரக்கைத் திணித்தால் ப்ரைமரி ஏறும், கடைக்குப் போகாது. அடுத்த மாதம் டிஸ்ட்ரிப்யூட்டரிடம் பணமும் இருக்காது, இடமும் இருக்காது.

எம்பிஏ பற்றி ஒரு வார்த்தை. கேட், எக்ஸாட், டான்செட் நுழைவுத் தேர்வுகளை எழுதிக் கல்லூரி தேடும்போது ப்ளேஸ்மென்ட் பட்டியலில் கம்பெனிகளின் சின்னங்களைப் பார்த்து மயங்காதீர்கள். எந்தப் பதவிக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள். பெரிய வங்கியின் பெயர் இருக்கும், வேலை கிரெடிட் கார்டு விற்பதாக இருக்கும். ஓரிரு ஆண்டு வேலை செய்துவிட்டுப் போவதே எங்கள் அபிப்பிராயம். வகுப்பில் சொல்வது எதற்கு என்று அப்போதுதான் பிடிபடும், நேர்காணலிலும் பேச ஏதாவது இருக்கும்.

ரெஸ்யூமேயும் இன்டர்வியூவும்

ஒரு பக்கம் போதும். "டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் ஆர்வம் உள்ளவர், கடின உழைப்பாளி" என்ற வரிகளை நீக்கிவிட்டு இப்படி எழுதுங்கள்: "ஆரி பயிற்சி வகுப்பு, ஈரோடு. 21 நாள் கூகுள் சர்ச் விளம்பரம், செலவு ரூ.4,956. 24 விசாரணை, 5 சேர்க்கை, சேர்க்கைக்கு ரூ.991. வகுப்பு நேரத்தில் எடுக்கப்படாத அழைப்புகளைக் கண்டறிந்து விளம்பர நேரத்தை மாற்றினேன்." எண்கள் உங்களுடையதாக இருக்க வேண்டும். பொய் எண் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிவிடும், ஏனென்றால் கேட்பவர் அடுத்து வகுத்துப் பார்ப்பார்.

தாளை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். மாணவிகளின் பெயர், போன் எண் எங்காவது இருந்தால் நீக்கிவிட்டு. கட்டாயம் வரும் கேள்வி: "பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் சேர்க்கையும் இரட்டிப்பாகுமா?" ஆகாது என்பதையும் காரணத்தையும் சொல்லத் தெரிய வேண்டும். அந்த ஊரில் அதைத் தேடுபவர்கள் அளவானவர்கள். அதற்கு மேல் செலவழிக்கப் போனால் பொருத்தமில்லாத தேடல்களுக்கு விளம்பரம் விரியும், கிளிக் விலையும் ஏறும். கூடவே ஓர் அக்கா ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சொல்லித்தர முடியும் என்ற வரம்பும் இருக்கிறது.

சில இடங்களில் தேர்வு என்ற பெயரில் ஒரு மாதத்துக்கான முழுக் கன்டென்ட் காலண்டர், இருபது போஸ்ட் என்று கேட்பார்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் ஒரு மாதிரி வேலை நியாயம். அதற்கு மேல் கேட்டால் கூலி கேளுங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும்

"மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" என்று விளம்பரம் செய்துவிட்டு டெபாசிட், பயிற்சிக் கட்டணம், ஸ்டார்ட்டர் கிட் என்று பணம் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஆட்களைச் சேர்த்தால் கமிஷன் என்ற பிரமிட் திட்டங்களை 2021 நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. ஒரிஜினல் சான்றிதழ்களையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நல்ல நிறுவனம் என்றாலும் கடிதத்தில் இவற்றைப் பாருங்கள்: நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு; பயணப்படி கிலோமீட்டருக்கு எவ்வளவு, பெட்ரோல் விலை ஏறினால் மாறுமா; சம்பளம் கம்பெனி தருமா, இடையில் வேறு மேன்பவர் ஏஜென்சியா; பிஎஃப், இஎஸ்ஐ உண்டா; நோட்டீஸ் காலம் இரண்டு பக்கமும் சமமா. ஏஜென்சி வேலை என்றால் ஒருவர் தலையில் எத்தனை கிளையன்ட் என்று கேளுங்கள். பதினைந்து என்றால் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது, ரிப்போர்ட் அனுப்பத்தான் நேரம் இருக்கும்.

ஃபீல்டு வேலை என்றால் கையெழுத்துக்கு முன் இன்னும் இரண்டு கேள்வி. உங்களுக்குத் தரப்போகும் ஏரியாவில் கடந்த மூன்று மாதம் டார்கெட் எவ்வளவு, முன்பு இருந்தவர் எட்டியது எவ்வளவு? டிஸ்ட்ரிப்யூட்டர் கோடவுனில் இன்றைக்கு எத்தனை நாள் விற்பனைக்கான சரக்கு கிடக்கிறது? 15, 20 நாள் என்றால் தைரியமாகச் சேருங்கள். 50, 60 நாள் சரக்கு தேங்கியிருந்தால், அது வடியும் வரை உங்களால் ஒரு ப்ரைமரி பில்கூடப் போட முடியாது. முதல் இரண்டு மாத டார்கெட்டைக் குறைத்து, அதை இமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.